தண்ணீர் குடிக்காத திரி

பஸ்ஸுக்குள் நான் கத்திவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. "ஐயோ, நெய்" என்று இரண்டே சொல். ஆனால் மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறுகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில், ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு விஞ்ஞான டீச்சர் அப்படிக் கத்தினால் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா?

பக்கத்து ஆசனத்தில் மடியில் மரக்கறிப் பையோடு இருந்த ஓர் அம்மா என் கையைத் தொட்டு, "என்னாங்க டீச்சர், நெய்ய வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வீட்டுல விட்டிருக்கணும். குடுத்து அனுப்பிட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.  எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. வெளியே தூறலில் நின்றுவிட்டு ஏறியிருக்கிறாள். தூறல் துளிகள் அந்தச் சடைமேல் உருண்டை உருண்டையாக நின்றன. ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. பஸ் ஒரு வளைவில் சாய்ந்ததும் அத்தனையும் உருண்டு விழுந்தன.

அதைப் பார்த்துத்தான் கத்தினேன். முந்தின நாள் மாலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் அந்தச் சடையில் இருந்தது.

இந்தப் பத்திரிகைத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பிறருடைய பிழைகளைப் பற்றி எழுதுவதில் நான் கெட்டிக்காரி. பாடசாலை அதிபரின் பிழை, மாணவரின் பிழை, பஸ் நடத்துநரின் பிழை எல்லாம் எழுதியாயிற்று. இந்த வாரம் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு லீவு.

பத்து மணி விசாரணை

என் அண்ணன் செல்வராஜ் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தொழிற்சாலையைத் தோட்டத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. அது 'ஸ்டோர்'. ஸ்டோரின் மேல்மாடியில் தேயிலைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். நீளத் தொட்டி, அதன்மேல் கம்பிவலை, வலைமேல் கொழுந்து, கீழே ஒரு முனையிலிருந்து காற்றைத் தள்ளும் பெரிய விசிறி. அந்த மேல்மாடிதான் அப்போதே இருபது வருடமாக அண்ணனின் உலகம்.

அந்த வேலை அவருக்கு ஏன் முக்கியம் என்றால், அது சமதரை. இளவயதில் மலையில் வேலை செய்யும்போது மழைநாளில் கான் என்கிற வடிகாலுக்குள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர். கால் கூடியது, ஆனால் சரிவில் நிற்காது. ஏற்றத்தில் பத்து அடி வைத்தால் முகம் வெளிறிவிடும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் அண்ணி போன் எடுத்தார். அண்ணி சாதாரணமாக என்னோடு அரை மணித்தியாலம் கதைப்பார். அன்று ஆறு வசனம்தான்.

"வியாழக்கிழமை கொழுந்து பூரா காய்ஞ்சு போச்சு. ரோலர்ல போட்டா நொறுங்குதாம். ஒங்க அண்ணன் தூங்கிட்டாருன்னு சொல்றாங்க. நாளைக்கு பத்து மணிக்கு விசாரணை, மலைக்கு அனுப்பிருவாங்க போல."

"அண்ணன் என்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. அதுதான் பயமா இருக்கு."

இரவு முழுக்க எனக்குச் சரியான உறக்கம் இல்லை. அண்ணன் தூங்கியிருக்க மாட்டார். அது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும். அப்படியானால் கொழுந்து எப்படிக் காய்ந்தது? காலையில் கிடைத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சோடிக் கண்ணாடி

கதை விளங்குவதற்கு ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், பாடம் எடுக்கப் போவதில்லை. சரி, கொஞ்சம் எடுப்பேன்.

மேல்மாடிச் சுவரில் ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் சோடிக் கண்ணாடி. ஒன்றின் குமிழ் வெறுமனே காற்றில் இருக்கும். மற்றதன் குமிழில் பருத்தித் திரி சுற்றி, திரியின் வாலை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டிருப்பார்கள். திரி தண்ணீரை உறிஞ்சி எப்போதும் ஈரமாக இருக்கும்.

காற்று காய்ந்திருந்தால் அந்த ஈரம் ஆவியாகிப் பறக்கும். பறக்கிற தண்ணீர் சும்மா பறப்பதில்லை. குமிழில் இருக்கும் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அதனால் ஈரக் கண்ணாடி குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் நாலைந்து கோடு இருந்தால், காற்றுக்குத் தாகம் இருக்கிறது என்று அர்த்தம். கொழுந்தில் இருக்கிற தண்ணீரையும் அது குடித்துவிடும். விசிறி மட்டும் போதும்.

மூடுபனி நாளில் காற்று வயிறு முட்டக் குடித்திருக்கும். திரியிலிருந்து ஒன்றும் பறக்காது. இரண்டு கண்ணாடியும் ஒன்றையே காட்டும். அப்போதுதான் கீழே அடுப்பிலிருந்து வருகிற சூட்டுக் காற்றின் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அண்ணன் பழைய ஆள். கண்ணாடியைப் பார்ப்பார், ஆனால் நம்புவது கையைத்தான். ஒரு பிடி கொழுந்தை அள்ளி அமுக்கி, விரித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு மணித்தியாலம்" என்பார். சரியாக இருக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டு அவரை ஒரு வழி பண்ணியவள் நான்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அண்ணே, கை ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடி மாறாது. கண்ணாடி சொல்றத கேளுங்க" என்று ஓதிக்கொண்டே இருப்பேன். அவர் சிரிப்பார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு உண்மையாகவே கேட்கத் தொடங்கினார். தங்கச்சி படித்தவள் அல்லவா.

ராத்தாவின் பச்சை முட்டி

இந்த இடத்தில் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலவுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். கல்யாணம் கட்டிய புதிதில் நாங்கள் அங்கே, பெரிய ரோட்டுக்குக் கிட்ட, வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ரிஹானா ராத்தா வாசலில் ஒரு மண் முட்டியில் தண்ணீர் வைத்திருப்பார். போகிற வருகிறவர்கள் தாகத்துக்குக் குடிப்பதற்கு. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி பிரிட்ஜில்கூட வராது.

ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். மிச்சப் பெயின்டை ராத்தா முட்டிக்கும் அடித்துவிட்டார். அதன்மேல் மஞ்சளில் பூ வேறு. கல்யாணம் முடிந்து ஒரு கிழமையில் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்த முட்டிக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க. தண்ணி வெதுவெதுன்னு இரிக்கி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மண் முட்டி வியர்க்க வேண்டும் ராத்தா, வியர்வை காற்றோடு போகும்போது சூட்டையும் கொண்டு போகும், நீங்கள் முட்டியின் தோலை அடைத்துவிட்டீர்கள் என்று விளக்கினேன். ராத்தாவும் சிரித்தார். அந்தக் கதையைப் பல வருடங்கள் வகுப்புக்கு வகுப்பு சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ராத்தாவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் பெயின்ட் அடித்தது தன் முட்டிக்கு. நான் செய்தது என்ன?

நல்ல திரி

கார்த்திகைத் தீபம் முடிந்து கொஞ்ச நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாமான் வாங்க மாத்தளைக்கு வந்தவர், வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார், "அந்த ஈரக் கண்ணாடி திரி கறுத்துப் போச்சு தங்கச்சி. நல்ல பஞ்சுத் திரி இருந்தா குடு."

சாமித்தட்டில் இரண்டு பால்மா டின்கள் உண்டு. ஒன்றில் வெறும் திரி. மற்றதில், தீபத்தன்று சுறுசுறுப்பாகப் பற்றட்டும் என்று நெய்யில் தோய்த்து வைத்த திரியில் மிச்சம். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய், கைக்கு வந்த டின்னிலிருந்து ஐந்தாறு திரியை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். குளிர்காலம். நெய் உறைந்து, வெள்ளைத் திரிமேல் வெள்ளையாக இருந்தது. பார்த்தால் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை.

திங்களும் செவ்வாயும் எல்கடுவையில் விடாத தூறல். இரண்டு கண்ணாடியும் ஒன்றையே காட்டின. காட்டத்தான் வேண்டும். சூட்டுக் காற்றைத் திறந்தார், கொழுந்து அருமையாக வாடியது. புதன்கிழமை அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

"நீ குடுத்த திரி நல்ல திரி தங்கச்சி. முந்தி தெனம் போத்தல்ல தண்ணி ஊத்தணும். இது தண்ணியே குடிக்கல. திங்கக்கெழம ஊத்துனது அப்படியே இருக்கு."

இதைக் கேட்ட விஞ்ஞான டீச்சர் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்படியா அண்ணே, நல்லது" என்றாள். கையில் சிவப்புப் பேனை. எதிரில் இருந்த பேப்பரில் யாரோ ஒரு பிள்ளை 'ஆவியாதலின்போது வெப்பம் உறிஞ்சப்படும்' என்று எழுதியிருந்தது. அதற்குச் சரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஈரக் கண்ணாடியின் போத்தலில் தண்ணீர் குறையவில்லை என்றால் திரியிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லை. தண்ணீர் போகாவிட்டால் வெப்பமும் போகாது. வானம் எப்படி இருந்தாலும் இரண்டு கண்ணாடியும் ஒன்றையே காட்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மழை விட்டது. வெயில், காய்ந்த காற்று. டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், அன்று ஒரு கூட்டத்துக்காகக் கண்டிக்குப் போயிருந்தார். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். வித்தியாசம் இல்லை. தங்கச்சி சொன்னபடி கண்ணாடியை நம்பினார். சூட்டுக் காற்றைத் திறந்தார்.

மலை ஏறுகிற தண்ணீர்

இவ்வளவும் அந்தச் சடையைப் பார்த்த கணத்தில் என் தலைக்குள் ஒன்றோடு ஒன்று வந்து பொருந்தியது. பயத்தைவிட, உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான் முதலில் வந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். விடை கிடைத்துவிட்டால் எனக்கு அப்படித்தான்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே மாத்தளைப் பக்கமிருந்து மூடுபனி மலையைத் தடவிக்கொண்டு மேலே வந்தது. எத்தனையோ முறை பார்த்த காட்சி. அன்றைக்கு அது எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

அந்தப் பனி யார்? பல்லேபொல வயலில் நின்ற தண்ணீர். மிளகுக் கொடியின் இலை விட்ட மூச்சு. கிழக்குக் கடல். அண்ணனின் மேல்மாடி ஜன்னல் வழியாக வெளியே போன கொழுந்துத் தண்ணீரும் அதில் கொஞ்சம். வெயில் சூடேற்ற, அவ்வளவும் ஆவியாகிக் கிளம்பியபோது ஆளுக்கொரு மூட்டை வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. தொட்டால் சுடாத, ஒளித்து வைத்த வெப்பம். ஈரக் கண்ணாடியைக் குளிர வைக்கிற அதே களவுதான், கடல் அளவுக்குப் பெரிதாக.

மேலே போய்க் குளிர்ந்து துளியாகும்போது அந்த மூட்டையை இறக்கி வைக்கிறது. சுற்றியிருக்கிற காற்று அதனால் சூடாகி இன்னும் மேலே எழும்புகிறது. முகில் அப்படித்தான் மலைக்கு மேல் மலையாக வளர்கிறது. காற்று அடிப்பதும், மழை கொட்டுவதும், புயல் சுழல்வதும் அந்த மூட்டைகளை ஏற்றி இறக்குகிற வேலையில் ஒரு பங்குதான். நாம் அதற்கு வானிலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகு தண்ணீர் மழையாகத் திரும்பி வந்துவிடுகிறது. கானில் ஓடி, வயலில் நின்று, வேரில் ஏறி மறுபடி இலைக்கு வருகிறது. ஆனால் வெப்பம் திரும்புவதில்லை. முகிலுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாக, வெட்டவெளிக்குப் போய்விடுகிறது. ஸ்டோர் அடுப்பில் எரிகிற விறகும் அப்படித்தான். அதற்குள் இருப்பது பழைய வெயில். எரிந்தால் புகை காற்றில் கலந்து என்றாவது ஒரு மரத்தின் இலைக்குள் போய் மறுபடி விறகாகும். ஆனால் அந்தச் சூடு எந்த மரத்துக்கும் திரும்பிப் போகாது. மேல்மாடியைச் சூடாக்கி, மலையைக் கொஞ்சம் சூடாக்கி, பரந்து மெலிந்து வெளியே போய்விடும்.

ஒரு துளி வெப்பம்கூட அழிவதில்லை, ஆனால் ஒரு துளிகூடப் பின்னுக்கு நடப்பதில்லை. சூட்டிலிருந்து குளிருக்கு, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பாதை. பொருள் இந்த உருண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. சக்தி வெயிலாக வந்து, வழியில் இத்தனை வேலையையும் செய்துவிட்டு, வெளியே போகிறது. போகிற வழியை அடைத்தால் சூடு தங்கிவிடும். முட்டிக்கு அடித்த பெயின்ட். திரியில் தோய்த்த நெய்.

இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதியவள், அன்றைக்குத்தான் அதை உடம்பில் உணர்ந்தேன்.  பஸ் மெதுவாகப் போகிறது என்று நடத்துநரோடு சண்டையும் பிடித்தேன்.

இரண்டும் ஒன்று

நான் மேல்மாடிக்கு ஏறும்போது விசாரணை தொடங்கியிருந்தது. ஒரு மேசை. அதற்குப் பின்னால் டீமேக்கர் ஐயா. சிங்களவர், தோட்டத்திலேயே வளர்ந்ததால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். குரல் உயராது. பென்சிலால் மேசையைத் தட்டுவார், அதுதான் அவர் கோபம். எதிரில் அண்ணன் நின்றார். வலிக்கிற காலுக்குப் பாரம் கொடுக்காமல் சாய்ந்து நின்றார். மேசையில் ஒரு தாளில் வியாழக்கிழமைக் கொழுந்து, பழைய வெற்றிலை போலச் சிவந்து நொறுங்கிக் கிடந்தது.

"தூங்கினியா செல்வராஜ்?"

"இல்லீங்க ஐயா."

"அப்புறம் எப்படி?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான் கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"ஐயா, திரி. திரியில நெய் இருக்கு. நான்தான் குடுத்தேன்."

பென்சில் நின்றது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

நான் திரியைக் கழற்றி அதன்மேல் தண்ணீர் விட்டேன். உருண்டு விழுந்தது. ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் துடைக்கிற என் லேஞ்சியின் ஓரத்தைக் கிழித்து, குமிழில் சுற்றி, வாலைப் போத்தலுக்குள் விட்டேன். துணி நன்றாக நனைந்தது. "இப்ப பாருங்க ஐயா, ஈரக் கண்ணாடி இறங்கும்" என்றேன். வகுப்பில் சொல்வது போலவே, கொஞ்சம் பெருமையோடு.

பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இறங்கவில்லை.

 இரண்டு கண்ணாடியும் ஒரே கோட்டில் நின்றன. ஐயா மெதுவாகக் கேட்டார், "டீச்சர், ஒங்க நல்ல துணியும் அதையேதான சொல்லுது?"

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. அடர்ந்த பனி, தூறல். காற்றுக்குத் தாகமே இல்லாத நாள். என் துணியும் சரி, கண்ணாடியும் சரி. நாள்தான் எனக்கு எதிராக நின்றது. வெயில் வரும்வரை காத்திருங்கள் என்று ஒரு விசாரணையில் எப்படிச் சொல்வது? பாடப் புத்தகத்தின் பக்கங்கள் தலைக்குள் ஓடின. ஒன்றும் உதவவில்லை.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஐயா, சூட்டுக் காத்தை தெறக்கட்டுங்களா? காத்து இதே காத்துதான். சூடு பண்ணா இதுக்கு தாகம் வந்துரும். தெனம் நாங்க அதுதான செய்றோம்."

எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. ஐயா தலையாட்டினார். அண்ணன் கதவை இழுத்துத் திறந்தார். விறகுச் சூடு தொட்டி வழியாக வந்து முகத்தில் அடித்தது. காய்ந்த கண்ணாடி ஏறியது. ஒரு கோடு, இரண்டு கோடு, ஐந்து, ஆறு. ஈரக் கண்ணாடி கொஞ்சம் அசைந்து பின்தங்கி நின்றது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப அந்த நெய்த் திரிய போடுங்க" என்றார் ஐயா.

போட்டேன். ஈரக் கண்ணாடி மளமளவென்று ஏறிப் போய் மற்றதன் பக்கத்தில் நின்றது. இரண்டும் ஒன்று. சூட்டுக் காற்று முழுதாகத் திறந்திருக்க, கருவி மூடுபனி என்று சொன்னது.

ஐயா பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார், "வியாழக்கிழமை கொழுந்தை அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா."

"கை என்னா சொல்லுச்சு?"

"போதும்னு சொல்லுச்சு. கண்ணாடி போதாதுன்னுச்சு. நான் கண்ணாடி பேச்ச கேட்டேன்."

"இருவது வருசம் வேலை செஞ்ச கை. ஏன் அத நம்பல?"

அண்ணன் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் சொன்னதால ஐயா" என்றேன். 

ஐயா தாளில் ஏதோ எழுதினார். "திரி பழுதுன்னு போடுறேன். யாரு குடுத்த திரின்னு இங்க எழுதத் தேவையில்ல. அது இந்த மாடியோட இருக்கட்டும். செல்வராஜ், நீ நாளன்னைக்கு வேலைக்கு வா. இங்கேயே வா. கண்ணாடியும் பாரு, கையையும் கேளு. ரெண்டும் ஒத்து வரலன்னா என்னைய கூப்புடு, நான் கண்டியில இருந்தாலும்."

லயத்துக்குப் போகும் வழி

ஸ்டோரிலிருந்து அண்ணன் குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பாதை இறக்கம். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. வாயும் நிற்கவில்லை. சூட்டுக் காற்று யோசனை எவ்வளவு பிரமாதம், அதை அடுத்த தவணை வகுப்பில் எப்படிச் செய்து காட்டப் போகிறேன் என்று கொட்டிக்கொண்டே வந்தேன். பிறகுதான் அந்தக் கோபப் பார்வை ஞாபகம் வந்தது.

"அண்ணே, நான் உள்ள வந்ததும் ஏன் அப்படி பாத்தீங்க?"

"ஏன் வந்த நீ?"

"வராம? நெய்னு பஸ்ல வரும்போதுதான் தெரிஞ்சிச்சு."

"எனக்கு வெள்ளிக்கெழம காலைலயே தெரியும். திரிய மோந்து பாத்தேன்."

நான் நின்றுவிட்டேன். தூறல் முகத்தில் விழுந்தது.

"தெரிஞ்சா ஏன் சொல்லல? தூங்கிட்டீங்கன்னு லயம் பூரா பேசுறாங்களே."

"சொன்னா, திரி யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க. இந்த லயத்துல இருந்து போன ஒரே டீச்சர் நீ. பிள்ளைங்கள திட்டுனா ஒன் பேர சொல்லித்தான் திட்டுறாங்க, அவள மாதிரி படின்னு."

"அதுக்காக இந்த முழங்காலோட மலைக்குப் போயிருப்பீங்களா?"

"காலு என்னோடது தங்கச்சி. பேரு நம்ம எல்லாரோடதும்."

பாதை நடுவில் நின்று அழுதேன். துக்கத்திலா, வெட்கத்திலா, அவர்மேல் இருந்த கோபத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்து, "நடடி, அண்ணி சோறாக்கி வச்சிருக்கா" என்றார்.

அது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் இன்னும் அந்த மேல்மாடியில்தான். ஆனால் டீமேக்கர் ஐயா மாடிக்கு வெளியே விடாத பேச்சு வெளியே போகவே இல்லை. அதனால் லயத்தில் 'தூங்கிட்டாரு' என்கிற மற்றப் பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோதுகூட ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "செல்வராஜு, இப்பயும் கொழுந்து மேல தூக்கம்தானா?" அண்ணனும் கூடச் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார்.

இந்தப் பத்திரிகையை லயத்தில் ஒரு பிரதி வாங்கி வீடு வீடாகக் கைமாற்றிப் படிக்கிறார்கள். அண்ணன் கையிலும் இது போய்ச் சேரும். போன் எடுத்துச் சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும்.

அந்த வியாழக்கிழமை என் அண்ணன் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. திரியைக் கொடுத்தது நான்.